ஒண்டிக்கடையின் தெற்குச் சுவர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நாய். புதிய கடை வரிசைக்கு முன்னால், தாழ்வாரத்தின் கீழ் இருந்த மழைநீர்க் கால்வாய்க்குள் அது சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தைய இரண்டு இரவுகளும் விடாத மழை. அப்போதும் தூறிக்கொண்டுதான் இருந்தது. ஒண்டிக்கடை முனையின் மற்ற எல்லாக் கால்வாய்களிலும் செம்மண் தண்ணீர் விளிம்பைத் தொட்டு ஓடியது. ஏரிப் பக்கம் இறங்கும் சாலையில் சருகும் காப்பித் தோலும் மிதந்து போயின. நாய் படுத்திருந்த கால்வாயில் மட்டும் அதன் வாலை நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. சேலத்தில் அச்சாகும் ஒரு நாளிதழுக்கு ஏற்காட்டிலிருந்து செய்தி அனுப்புவது என் வேலை. ஒண்டிக்கடை முனையில் ஒரு மளிகைக்கடையின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். செய்தியை எழுதிக் கவரில் போட்டு முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், அவர் கீழே பஸ் நிலையத்தில் எங்கள் ஆளிடம் சேர்ப்பார். அதற்காகத்தான் அந்த நேரத்தில் எழுந்துவிடுவேன். அன்று அனுப்ப வேண்டியது ஒரு முன்னோட்டச் செய்தி. மறுநாள் புதிய பஸ் நிலையத்துக்குத் திறப்பு விழா.

ஒரு வருடத்துக்கு மேலாக அந்த முனை வெட்டிப் போட்டபடி கிடந்தது. அதற்கு முன்பு பஸ்கள் சாலையிலேயே நின்று சாலையிலேயே திரும்பின. பஸ் பின்னோக்கி வரும்போது கண்டக்டர் இறங்கி விசிலடிப்பார். எஸ்டேட் லாரி, ஜீப், கூடை சுமந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அது திரும்பி முடிக்கும்வரை நிற்க வேண்டும். இதை மாற்றத்தான் தெற்குப் பக்கத்துச் சரிவை உள்ளே வெட்டி, பஸ்கள் ஒதுங்கி நிற்கத் தளம் போட்டார்கள். சரிவு இறங்கிவிடாமல் கருங்கல்லில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு மேலே காப்பித் தோட்டம். முனையின் முகத்தையும் சீர்படுத்துவது என்று முடிவாயிற்று. பெயர்ந்து கிடந்த பழைய பாவுகற்களைக் கழுவி மறுபடி பதித்தார்கள். லாரி இடித்துச் சாய்ந்திருந்த கல் விளக்குத் தூணை நிமிர்த்தினார்கள். கடைப் பலகைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை அடித்தார்கள்.

சாலையோரத்தில் சாக்கும் தகரமும் கட்டி வியாபாரம் செய்தவர்களை எழுப்பிவிட்டு, அவர்களுக்காகத் தடுப்புச் சுவரையே பின்சுவராக வைத்து எட்டுக் கடைகள் கட்டினார்கள். முதல் வரைபடத்தில் இந்தக் கடைகள் இல்லை. சுவர் எழும்பிய பிறகு சேர்க்கப்பட்டவை. மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர் வெளியேற, சுவரில் முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரே இடைவெளியில் குழாய்த் துண்டுகள் விட்டிருந்தார்கள். கடைகளின் அகலமும் ஒன்றுதான். அதனால் கடைக்கு ஒரு குழாய் என்று, எல்லாக் கடையிலும் ஒரே மூலையில் வந்து விழுந்தது. அந்தத் தண்ணீர் கடைக்குள் ஓரமாக விட்ட சிறு வாய்க்கால் வழியாக முன்புறக் கால்வாய்க்கு வர வேண்டும். போன மழையில் வந்தது. சிவப்பாக வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அன்று சந்தை நாள். கொட்டச்சேட்டுப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள் வாழைத்தாரும் மிளகு மூட்டையுமாகக் கடை வரிசையின் தாழ்வாரத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். பழைய நிழற்குடையை இடித்துவிட்டிருந்தார்கள். அந்த முனையில் மழைக்கு ஒதுங்க அந்தத் தாழ்வாரம் ஒன்றுதான் இருந்தது.

மூன்றாம் எண் கடையில் மட்டும் ஷட்டர் ஏறியிருந்தது. அது ஒரு டீக்கடைக்காரம்மாவுக்குக் கொடுக்கப்பட்ட கடை. எஸ்டேட்டில் காப்பி பறித்தவர். சரிவில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு கூடை தூக்க முடியாமல், இந்த முனையில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் டீ போட ஆரம்பித்தார். பஸ் தளத்துக்காக அந்த மரத்தை வெட்டினார்கள். அதன்பிறகு தள்ளுவண்டிதான். வேலை எந்தப் பக்கம் நடக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் போவார். அங்கேயும் ஜல்லி வந்து விழும். கணவர் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வாட்ச்மேன். குடியிருந்தது எஸ்டேட் லைன் வீட்டில். அந்தம்மா பெயரில் அதுவரை ஒரு சுவரும் இருந்ததில்லை.

சாவி கொடுத்தபோது ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்கள். விழாவன்று கடை நடப்பில் இருக்க வேண்டும். பூட்டிக் கிடந்தால் அடுத்து மனுப் போட்டவருக்குப் போய்விடும். மூன்றாம் எண்ணுக்கு அடுத்த மனு என் வீட்டுக்காரருடையது, அதாவது கீழே மளிகைக்கடை வைத்திருந்தவருடையது. மருமகனுக்கு ஒரு கடை வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பஸ் தளத்துக்கு நேர் எதிரே விழும் கடை அது.

"வாங்க தம்பி, வாங்க. ஏழரை வரைக்கும் நல்ல நேரம் இருக்குதுங்க. பால் பொங்குனதும் மொத டீ உங்களுக்குத்தான்" என்றார் டீக்கடைக்காரம்மா. பம்ப் ஸ்டவ்வைத் திட்டின் மேல் ஏற்றி, கழுத்தில் மஞ்சள் கட்டிய பால் சட்டியை அதன் பக்கத்தில் வைத்திருந்தார்.

"ஏக்கா, இங்க தண்ணி வர்ற குழாய் ஒண்ணு இருந்துச்சே?"

"அதயேனுங்க கேக்கறீங்க." ஸ்டவ் திட்டுக்குப் பின்னால் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வட்டமாகப் பூசியிருந்த சிமெண்டைக் காட்டினார். "எந்த மூலைன்னு பாருங்க. அக்கினி மூலை. அடுப்பு வெக்கற எடத்துல போயி ராப்பகலா தண்ணி ஒழுகுனா அடுப்பு நிக்குமாங்க? சாக்கைச் சுருட்டி உள்ள திணிச்சு, மேல சிமிட்டி பூசிப்போட்டேன். நொம்ப கெட்டியா நிக்குது."

"சிமெண்ட்டு யார் கொடுத்தாங்க?"

"மேஸ்திரிதான். அடுப்புத் திட்டு கட்டோணும்னு கேட்டேன். ஒரு சட்டி நெறையாக் குடுத்தாருங்க, மகராசன்."

"மத்த கடைல?"

"நான் அடச்சதப் பாத்துட்டு நாலாம் நெம்பர் பலகாரக்காரரு அடச்சாரு. அவருக்கும் அடுப்புதானுங்களே. அக்கட்டால துணிக்கடைக்காரரு, நாளைக்குப் பெரியவங்கல்லாம் வர்றாங்க, வெள்ளையடிச்ச சுவத்துல செவப்பா வடிஞ்சா அசிங்கமுன்னு அடச்சாரு. அப்பறம் எல்லாருந்தான். இப்ப வரிசையே துடச்சு வெச்சாப்பல இல்லீங்களா?"

துடைத்து வைத்தது போலத்தான் இருந்தது.

புதுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் அவர் கண்ணாடி டம்ளர்கள் வைக்க ஒரு பலகையை, பின்சுவருக்கும் ஷட்டர் தூணுக்கும் இடையில், பக்கச் சுவரை ஒட்டி, இறுக்கமாகத் தட்டி நிறுத்தியிருந்தார். முந்தின நாள் மாலை அதை அவர் தட்டி இறக்கியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்போது நேராக இருந்தது. இப்போது நடுவில் வில் போல மேலே வளைந்திருந்தது. டம்ளர்கள் இரண்டு ஓரத்துக்கும் சரிந்து ஒன்றோடொன்று இடித்து நின்றன.

"ஈரத்துல ஊறிப்போச்சுங்க" என்றார் என் பார்வையைப் பார்த்து.

பலகை ஊறினால் தடிக்கும். ஒரே இரவில் இந்த அளவு நீளாது. நான் பின்சுவரை ஒட்டிக் கன்னத்தை வைத்து நீளவாக்கில் பார்த்தேன். வெள்ளையடித்த பரப்பு கடையின் நடுவில் என்னை நோக்கிப் புடைத்திருந்தது. நெஞ்சு உயரத்தில் மயிரிழைபோல ஒரு கீறல், இடமிருந்து வலமாகப் போயிற்று.

"அக்கா, கொஞ்சம் வெளியே வந்து நில்லுங்க. நான் ஓவர்சியரைக் கூப்பிட்டுட்டு வர்றேன்."

"பாலை வெச்சுட்டு எங்கீங்க தம்பி வர்றது?" என்றார். ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

கட்டுமான வேலையைக் கவனித்த ஓவர்சியர் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர். சிமெண்ட் குடோனை ஒட்டிய அறையில் தங்கியிருந்தார். நான் போனபோது சவரம் செய்துகொண்டிருந்தார். பலகை வளைந்திருக்கிறது, குழாயை அடைத்துவிட்டார்கள் என்று இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார். ஒரு கன்னத்தில் நுரையோடு, குடையில்லாமல், என் முன்னால் ஓட ஆரம்பித்தார்.

தாழ்வாரத்தில் நுழைந்து ஒவ்வொரு கடைக்காரராக விசாரித்தார். வந்துவிட்டவர்கள் மூன்று நான்கு பேர். யார் அடைத்தது என்று கேட்டார். எத்தனை குழாய் அடைத்திருக்கிறது என்று கேட்டார்.

"எட்டும்" என்றார் பலகாரக்கடைக்காரர்.

ஓவர்சியர் மூன்றாம் எண்ணில் நுழைந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. வெளியே வந்தபோது குரல் தணிந்திருந்தது. "ரெண்டு நாள் மழைத் தண்ணி பின்னாடி நிக்குது சார். எந்த நேரமும் தள்ளலாம். முதல்ல இந்த ஜனத்தை அப்புறப்படுத்தணும்."

ஜனம் நகரவில்லை. அவர் சொல்லச் சொல்ல இன்னும் உள்ளே ஒதுங்கினார்கள். மழை வலுத்திருந்தது. வாழைத்தாரைச் சுவரோரம் சாத்தியிருந்த ஒரு கொட்டச்சேட்டுப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏஞ்சாமி, ஒரு வருசமா எங்கள ரோட்டுல நனைய விட்டீங்க. இன்னிக்குத்தான் தலைக்கு மேல ஒரு கூரை வந்துருக்குது. நாளைக்கு வர்ற பெரியவங்க நிக்கறதுக்கு நாங்க இன்னிக்கே எறங்கோணுமா?"

பலர் சிரித்தார்கள். ஓவர்சியர் சுவர், தண்ணீர் என்று விளக்க முயன்றார். "இத்தனை பெரிய கல்லுச் சுவரு எங்கீங்க போகுது, நீங்கதான கட்டுனீங்க?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். மறுபடி சிரிப்பு.

பஸ் டிரைவர்தான் வழி கண்டார். சேலம் போகும் முதல் பஸ் தளத்தில் நின்றிருந்தது. அவர் ஓவர்சியரின் முகத்தைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, ஹாரனை அழுத்தியபடி பஸ்ஸைத் தளத்திலிருந்து சாலைக்கு எடுத்தார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "சேலம், சேலம், எடுத்தாச்சு" என்று கத்தினார். தாழ்வாரம் காலியானது. மூட்டையும் தாருமாக அத்தனை பேரும் மழையில் பஸ்ஸின் பின்னால் ஓடினார்கள். பஸ் விளக்குத் தூணைத் தாண்டி நின்றது. ஏற்காட்டில் பஸ் நகர்ந்தால் கூரையாவது குடையாவது.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். "என்னங்கய்யா, ஒரு கன்னத்தோட ஓடியாந்துட்டீங்க? மறு கன்னத்துக்குக் கூலி பத்தலைன்னு நாசுவன் போயிட்டானா?" என்று ஆரம்பித்தவர், மூன்றாம் எண்ணை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். தான் கொடுத்த சிமெண்ட் எங்கே இருந்தது என்பதையும் பார்த்தார்.

ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறப்பது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். புடைப்பு அதிகமான இடத்தில் முதலில் இடித்தால் அந்த அதிர்ச்சியிலேயே சுவர் வந்துவிடலாம் என்று பயம். எட்டாம் எண்ணில் மேஸ்திரி கடப்பாரையால் குத்தினார். பூச்சு உதிர்ந்தது, சாக்கை இழுத்தார், கைப்பிடி தண்ணீர் வந்து நின்றது. ஏழாம் எண்ணில் சொட்டியது. ஆறில் அதுவும் இல்லை.

"இங்க தண்ணி இல்லீங்கய்யா. எல்லாம் அங்க போயி நிக்குது" என்றார். அங்கே என்றது மூன்றாம் எண்ணை.

மூன்றாம் எண்ணில் பால் இன்னும் பொங்கவில்லை.

"அம்மா, அடுப்பை அணைச்சுட்டு வெளிய வாங்க" என்றார் ஓவர்சியர், தாழ்வாரத்தில் நின்றபடி.

"சித்த இருங்க சாமி. காஞ்சிட்டே இருக்குது."

"சுவர் விழுந்துடும்மா."

"பொங்கிட்டா வந்தர்றனுங்க."

இதெல்லாம் சாலையின் எதிர்ப்பக்கம் நின்ற மளிகைக்கடைக்காரர் காதில் விழுந்தது. அவர் கெட்ட மனிதரில்லை. ஆனால் அவருக்கு அந்த நேரத்தில் வாயை அடக்கத் தெரியவில்லை. "பொங்காம எறக்குனா அது கடை தொறந்த கணக்கில சேராதுங்க. மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். சொன்னது சாலை முழுவதும் கேட்டது. டீக்கடைக்காரம்மா திரும்பி ஒரு தரம் அவரைப் பார்த்தார். பிறகு ஸ்டவ்வைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

நான் ஷட்டருக்கு வெளியே ஒரு கையெட்டும் தூரத்தில் நின்றேன். ஈரத்தில் ஸ்டவ் சரியாக எரியவில்லை. ஜுவாலை நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போகும், அவர் பம்ப் அடிப்பார், மறுபடி நீலம். பம்ப் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே சுவரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கல்லோடு கல் உரசும், மிகச் சிறிய சத்தம். கூரையின் கீழே இருந்ததால்தான் கேட்டது. ஓவர்சியர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

பால் மேல் ஆடை சுருங்கியது. ஓரத்தில் குமிழி கட்டியது. மறுபடி ஜுவாலை தணிந்தது. அவர் பம்ப் அடித்தார்.

பலகை தெறித்தது. கீழே விழவில்லை, மேலே எழும்பிப் பக்கச் சுவரில் அடித்துப் பிறகு விழுந்தது. அத்தனை டம்ளரும் தரையில் உடைந்தன. அவர் தலையைத் திருப்பவில்லை. முந்தானையைக் கையில் சுற்றி, சட்டியின் விளிம்பைப் பிடித்து, ஆடாமல் இருந்தார். அப்போது பால் ஏறியது. விளிம்பைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாக வழிந்து ஸ்டவ்வில் சீறியது. கைகூப்பினார். பிறகு அவசரமே இல்லாதவர்போலச் சட்டியை இறக்கி வெளியே கொண்டுவந்து பாவுகல்லின் மேல் வைத்தார். மேலே ஒரு தட்டால் மூடினார், மழை விழாமல்.

"ஆச்சு" என்றார்.

மேஸ்திரி கடப்பாரையோடு உள்ளே நுழைந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, செருப்போடயா?"

மேஸ்திரி நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"என்ற அடுப்பு மூலையில நீங்க செருப்போட ஏறி இரும்பால இடிப்பீங்களா? குடுங்க இங்க." கடப்பாரையை வாங்கிக்கொண்டு அவரே உள்ளே போய்விட்டார். யாரும் தடுக்க நேரமில்லை. ஓவர்சியர் கத்தினார். என்ன கத்தினார் என்று எனக்கு நினைவில்லை; அவர் ஊர்ப் பேச்சில் ஏதோ வார்த்தை.

ஸ்டவ்வை ஒதுக்கித் தரையில் வைத்தார். திட்டின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, கடப்பாரையைக் குட்டையாகப் பிடித்துக் குத்தினார். சிமெண்ட் வில்லை இரண்டாக உடைந்து விழுந்தது. உள்ளே சாக்கு, ஊறிக் கறுத்து, இறுகியிருந்தது. அதன் நுனியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். நொம்பக் கெட்டியாகத்தான் வைத்திருந்தார். மேஸ்திரி செருப்பை உதறிவிட்டு உள்ளே பாய்ந்து, அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துச் சேர்த்து இழுத்தார்.

சாக்கு வந்தது. இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். அவர்களுக்கு மேலே, முன்கை கனத்துக்கு, செம்மண் தண்ணீர் ஷட்டரைத் தாண்டி வெளியே பாய்ந்தது. பாவுகல்லின் மேல் இருந்த பால் சட்டியை ஓவர்சியர் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். ஸ்டவ் புரண்டு வந்து கால்வாயில் விழுந்தது. நாய் துள்ளியெழுந்து, ஏரிப் பக்கம் ஓடியது. மேஸ்திரி அந்தம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தாழ்வாரத்தின் வழியாகச் சாலைக்குக் கொண்டுவந்தார். தலைமுதல் கால்வரை இருவரும் ஒரே நிறமாக இருந்தார்கள்.

பிறகு எல்லாரும் சாலையில் நின்று சுவரைப் பார்த்தோம். பஸ் டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. நூலில் தூக்குக்குண்டைக் கட்டிக் கடைக்குள் தொங்கவிட்டு, வெளியிலிருந்தே அதற்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஓவர்சியர். தண்ணீர் முதலில் சிவப்பாகவும், பிறகு மஞ்சளாகவும் வந்தது. இடைவெளி குறையவில்லை. கன்னத்து நுரை மழையில் கழுவிப் போயிருந்தது. கல் விளக்குத் தூணுக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சுவர் விழவில்லை.

டீக்கடைக்காரம்மா தள்ளுவண்டியை இழுத்துவந்து, பலகாரக்கடைக்காரரிடம் ஒரு ஸ்டவ்வும் சில கிளாஸ்களும் வாங்கி, அந்தப் பாலிலேயே டீ போட்டார். முதல் டீயை ஓவர்சியருக்குக் கொடுத்தார். "குடிங்க சாமி. மூஞ்சி வெளுத்துப்போச்சு." எனக்குக் கொடுப்பதாகச் சொன்னதை மறந்துவிட்டிருந்தார். மளிகைக்கடைக்காரரும் வந்து ஒரு டீ வாங்கிக்கொண்டார். குடித்து முடித்துக் கிளாஸை வைத்தார்.

"பால் பொங்குச்சுங்க. நானே கண்ணால பாத்தேன். எவன் கேட்டாலும் சொல்லுவேன்" என்றார்.

"நீங்க சொல்லாட்டி ஊரே சொல்லும்" என்றார் அந்தம்மா.

மறுநாள் விழா நடந்தது. கடை வரிசைக்கு முன்னால் மூங்கில் நட்டு வண்ணத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். வந்தவர்கள் பாவுகல் தளத்தையும் நிமிர்ந்த விளக்குத் தூணையும் பார்த்துப் பாராட்டினார்கள். நான் அனுப்பியதில் விழா மூன்று பத்தி வந்தது. சுவரைப் பற்றி எழுதியது வரவில்லை. இடம் போதவில்லை என்று பின்னால் அலுவலகத்தில் சொன்னார்கள்.

கார்த்திகையில் மழை நின்றது. அடைப்பை எடுத்த மற்ற ஏழு கடைகளில் குழாய்கள் காய்ந்தன. மூன்றாம் எண்ணில் காயவில்லை. மார்கழிப் பனியிலும் விரல் கனத்துக்குத் தெளிந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. காப்பித் தோட்டத்துக்குள் எங்கோ இருந்த ஓர் ஊற்றின் வாய் அங்கே வந்து திறந்திருக்கிறது என்றார் ஓவர்சியர். மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள். சுவரைப் பிரித்து மறுபடி கட்டுவது, அந்த இடத்தில் மட்டும் கடை வைக்காமல் அகலமான வாய்க்காலும் நடையும் விடுவது என்று தீர்மானித்தார்கள். வேறு யார் வந்து சொல்வதற்கும் முன்னால் ஓவர்சியர் தானே வந்து அந்தம்மாவிடம் சொன்னார். நான் அப்போது வண்டியருகே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தம்மா வடிகட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார். "நான் அடைக்காம இருந்திருந்தா?"

"அப்பவும் தண்ணி இங்கதாம்மா வந்திருக்கும்."

"அப்ப எம்மேல தப்பில்லீங்களா?"

"சுவர் புடைச்சது அடைச்சதால. தண்ணி வந்தது அடைச்சதால இல்ல" என்றார்.

"மத்த கடை ஏதாச்சும்?"

"எல்லாத்துக்கும் ஆள் இருக்காங்களேம்மா. அடுத்து ஏதாவது கட்டினா உங்களுக்குத்தான் முதல்ல. நான் எழுதி வைக்கிறேன்."

"எழுதுங்க கண்ணு" என்றார். முதல் முறையாக அவரைக் கண்ணு என்று அழைத்தார். பாலை ஊற்றிச் சர்க்கரை போட்டு, ஆற்றி, அவர் கையில் கொடுத்தார். ஓவர்சியர் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் அவரை மாற்றிவிட்டார்கள்.

பொங்கலுக்குப் பிறகு அந்தம்மா தள்ளுவண்டியை வெள்ளக்கடைப் பக்கம், கணவர் வேலை பார்த்த எஸ்டேட் கேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பஸ் அங்கே நிற்பதில்லை; காப்பி பறிக்கும் மாதங்களில் மட்டும் ஆட்கள் உண்டு. ஒண்டிக்கடையில் சுவரைப் பிரித்துக் கட்டி முடித்தார்கள். கடைகளின் நெற்றியில் பச்சைப் பலகையில் எழுதிய எண்களை மாற்றவில்லை.

அந்த வரிசையில் ஏழு கடைகள் இருக்கின்றன. கடைசிக் கடையின் எண் எட்டு.